குளிர் கிடங்கில் சுடச்சுட சைடர்

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். துபாயின் அல் கூஸில் வெயில் மஞ்சளாக விழுந்து கிடந்தது. ஜனவரி மாதம்தான், ஆனாலும் அரைக்கைச் சட்டையோடு நாலு தெரு நடந்தால் முதுகு வியர்க்கும். அந்த வெயிலில், எங்கள் குளிர் கிடங்கின் வாசலில், பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் கம்பளிச் சட்டை, குல்லாய், மஃப்ளர், கையுறை சகிதம் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்தாள்.

எதிர் ஒர்க்‌ஷாப் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெஷாவர்க்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, இவர்களுக்கெல்லாம் காய்ச்சலா என்று இந்தியில் விசாரித்தார். காய்ச்சல் இல்லை, குளிர்காலம் கொண்டாட வந்திருக்கிறார்கள் என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பிறகு "அச்சா" என்று சொல்லிவிட்டுப் பாக்கித் துணியை உதறப் போனார்.

நான் கையில் ஒரு நீளக் கரண்டியோடு நின்றிருந்தேன். உள்ளே அடுப்பில் ஒரு பெரிய அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அண்டாவில் என்ன இருக்க வேண்டுமோ அது இல்லை. இது எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும்.

பாலைவனத்தில் பனிக்காரர்கள்

சென்ற வாரம், நாங்கள் தங்கியிருந்த கேம்ப்பின் சமையலறையைப் பற்றி எழுதியதற்கு ஒரு வாசகர், துபாய் என்றால் வெயில் வெயில் என்றே ஏன் எழுதுகிறீர்கள், அங்கே குளிரே கிடையாதா என்று கேட்டிருந்தார். உண்டு ஐயா. நான் அங்கே இருந்த வருஷங்களில் பாதியைக் குளிரில்தான் கழித்தேன்.

எங்கள் கம்பெனி பழம் இறக்குமதி செய்வது. ஆப்பிள் எங்கெங்கிருந்தோ கப்பலில் வரும். அதை இரண்டு டிகிரியில் வைத்திருக்க வேண்டும். வாழைப்பழத்துக்குத் தனி அறை, அது பதின்மூன்று டிகிரி. நான் ஸ்டோர் கிளார்க். வெளியே ஜூலை மாதத்து வெயில் தகரத்தை உருக்கும்போது, உள்ளே எங்கள் ஆட்கள் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு பெட்டி அடுக்குவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தால் குல்லாயைக் கழற்றுவதற்குள் வேர்வை கண்ணில் இறங்கும். சாப்பிட்டு உள்ளே போனால் அந்த வேர்வை முதுகில் ஐஸாகும். ஒரே நாளில் ஊட்டிக்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் பல தடவை போய்வந்த உடம்பு எப்படி இருக்கும்? மூக்கு ஒழுகாத ஆளை எங்கள் கேம்ப்பில் நான் பார்த்ததில்லை.

இந்த ஆட்களில் ஒருவன் செல்லமுத்து. பெரம்பலூர் பக்கம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவான், நெடுநெடுவென்று இருப்பான், பேச்சு குறைவு. ஊருக்குக் கடிதம் எழுதும்போது "எனக்கு ஏசியில் வேலை" என்று எழுதியிருந்தான். பொய்யில்லையே. அந்த ஒரு வரியை நம்பி ஜெயங்கொண்டத்தில் ஒரு குடும்பம் அவனுக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்து, வைகாசியில் கல்யாணம் என்று நாளும் குறித்தாயிற்று. பெண்ணின் பெயர் மலர்க்கொடி. அவளோடு டெலிபோனில் ஒரே ஒரு முறை பேசியிருக்கிறான். என்ன பேசினாய் என்று கேட்டேன். "இங்க குளுரா இருக்குன்னேன். அது சிரிச்சிது" என்றான். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டிக்கொண்டிருந்தான்.

மேனேஜர் ஹார்ட்லி

எங்கள் மேனேஜர் மிஸ்டர் ஹார்ட்லி. இங்கிலாந்தில் சாமர்செட் என்று ஒரு சீமை, அங்கே ஆப்பிள் தோப்பு வைத்திருந்த விவசாயக் குடும்பம். மனிதர் கெட்டவர் அல்ல. சட்டம் போடுவதில் மட்டும் கொஞ்சம் வியாதி. கதவை எப்படித் திறப்பது என்று ஒரு சட்டம், எப்படி மூடுவது என்று இன்னொரு சட்டம், திறந்த கதவை மூடாமலும் மூடிய கதவைத் திறக்காமலும் எப்படி நிற்பது என்பதற்கு ஒரு சட்டம்.

எல்லாவற்றுக்கும் மேலே சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒன்று எழுதியிருந்தது. புளித்த வாடை வந்தால், நுரைத்தால், வீங்கினால், கலங்கினால், எந்தப் பொருளானாலும் யாரையும் கேட்காதே, உடனே கொட்டு, பாத்திரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவு. ஒரு அழுகல் பெட்டி பக்கத்துப் பெட்டிகளைக் கெடுத்துவிடும் என்பதால் அது நியாயமான சட்டம்தான். ஆங்கிலம், இந்தி, மலையாளம் மூன்றிலும் எழுதியிருந்தது. தமிழுக்கு நான்தான் சுவர். புதிதாக வருகிறவனுக்கெல்லாம் அதை நான் வாயால் ஒப்பிக்க வேண்டும்.

இன்னொரு சட்டம், குளிர் அறைக்குள் சூடான பானம் கூடாது. ஆவி படியும், சிந்தினால் வழுக்கும், ஆப்பிளில் வாசனை ஏறும் என்று காரணம் சொன்னார்.

செல்லமுத்துவின் தப்பு இங்கேதான். அவன் சுக்குக் காப்பிக்காரன். சுக்கு, மல்லி, மிளகு தட்டிப் போட்டு, கருப்பட்டி கரைத்து, ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போவான். ஆப்பிள் பெட்டிகளுக்குப் பின்னால் ஆளுக்கு அரை மூடி. அந்த அரை மூடி உள்ளே இறங்கினால் விரல்களுக்கு மறுபடியும் உயிர் வரும். நானும் குடித்திருக்கிறேன். தொண்டையில் காரமாகப் போய் நெஞ்சில் நெருப்பாக உட்காரும்.

ஹார்ட்லியின் மூக்கு ஆப்பிள்காரர் மூக்கு. கண்டுபிடித்துவிட்டார். முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவையும் எச்சரிக்கை. அவர் ஆங்கிலத்தில் திட்டுவதை நான் தமிழில் சொல்ல வேண்டும். முழுவதும் சொல்ல எனக்கு மனசு வராது, பாதிதான் சொல்வேன். அதனாலேயோ என்னவோ அவன் மூன்றாம் தடவையும் மாட்டிக்கொண்டான். அது அந்த வெள்ளிக்கிழமைக்கு முன் வந்த செவ்வாய்க்கிழமை.

மூன்று என்றால் கேன்சல். விசாவை ரத்து செய்து டிக்கெட் கையில் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். சனிக்கிழமை அந்த வேலையை ஆரம்பிக்கிறேன் என்றார் ஹார்ட்லி. வைகாசிக் கல்யாணத்துக்குத் தை மாதமே வேலை போய் வந்து நிற்கிற மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? செல்லமுத்து அன்று சாயங்காலம் கேம்ப்பில் சாப்பிடவே இல்லை.

ஊருக்கு உபதேசம்

இதற்கு நடுவில் மேனேஜருக்கு ஒரு ரகசியப் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது.

சைடர் என்றால் ஆப்பிளைப் பிழிந்து புளிக்க வைத்த பானம். நம் ஊர்க் கள்ளுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பண்ணை வீடுகளில் அதைக் கடையில் வாங்க மாட்டார்களாம். மரத்திலிருந்து விழுந்து அடிபட்ட பழங்களைப் பொறுக்கி, நசுக்கி, பிழிந்து, சும்மா விட்டுவிட வேண்டும். சர்க்கரையும் வேண்டாம், ஈஸ்ட்டும் வேண்டாம், தோலில் இருப்பதே போதும். மாதக்கணக்கில் அது தானாகப் புளிக்கும், கலங்கலாக இருக்கும். குளிர்காலத்தில் பட்டை, கிராம்பு போட்டு மெல்லச் சூடுகாட்டி, கையைப் பொத்திக் குடித்தால் அதுதான் சொர்க்கம். கொதிக்கவே விடக் கூடாது. இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லும்போது குரலே மாறிவிடும். அவருடைய அப்பா முந்தின வருஷம்தான் இறந்து, தோப்பை விற்றுவிட்டார்கள். அவர் கையில் மிச்சம் இருந்தது இந்தச் செய்முறை மட்டும்தான்.

எங்களிடம் அடிபட்ட ஆப்பிளுக்குப் பஞ்சமில்லை. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு வெல்டிங் கடையில் லாரி ஜாக்கியை வைத்துப் பிழியும் இயந்திரம் ஒன்று செய்துகொண்டார். எதற்கு என்று கேட்ட வெல்டரிடம் ஊறுகாய்க்கு என்று நான் சொன்னேன். அவர் குடியிருந்த வில்லாவில் வைத்தால் சூட்டில் கெடும். ஆகவே பிழிந்த சாறு ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் எங்கள் வாழைப்பழ அறைக்கே வந்து சேர்ந்தது. மூலையில் தார்ப்பாய்க்கு அடியில், ஒரு ரப்பர் குழாய் வழியாகக் கொளக் கொளக் என்று மூச்சு விட்டுக்கொண்டு அக்டோபரிலிருந்து உட்கார்ந்திருந்தது. புளித்ததையெல்லாம் கொட்டச் சொன்னவரே ஒன்றைப் புளிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் இதெல்லாம் குற்றம், வெளியே தெரிந்தால் மேனேஜராவது மண்ணாங்கட்டியாவது. அதனால் யார் கேட்டாலும் ஜூஸ் என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு.

எங்கள் ஃபோர்மேன் ஜெய்லானி காக்காவுக்கு மட்டும் வாசனையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. காயல்பட்டினத்துக்காரர், அந்தப் பக்கம் காக்கா என்றால் அண்ணன், ஐந்து வேளை தொழுபவர். அந்த மூலைப் பக்கமே போக மாட்டார். "அது மேனேஜருக்கும் அல்லாவுக்கும் உள்ள கணக்கு, நமக்கு எதுக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சைடர் தயார். ஆனால் குளிர்காலத்துக்கு எங்கே போவது? வில்லாவில் ஏசியை முழுதாக வைத்துப் பார்த்தாராம், மூட்டுவலிதான் வந்ததாம். அப்போதுதான் தன் கையிலேயே இரண்டு டிகிரி இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை கிடங்குக்கு லீவு. நண்பர்களையெல்லாம் சில்லருக்குள், அதாவது அந்த ஆப்பிள் குளிர் அறைக்குள் கூப்பிட்டு, நிஜக் குளிரில் நிஜச் சைடர். சூடான பானம் தடை செய்யப்பட்ட அதே அறையில்.

வில்லா சமையல்காரர் லீவில் போயிருந்தார். சூடு பண்ணி ஊற்ற ஆள் வேண்டும். நம்மிடம் சூடான பானத்தில் கைதேர்ந்தவன் யார் என்று ஹார்ட்லி யோசித்தார். மூன்று முறை கையும் களவுமாகப் பிடித்தவனை மறக்க முடியுமா? குற்றமே தகுதியாகி, செல்லமுத்துவுக்கு வெள்ளிக்கிழமை டூட்டி விழுந்தது.

சோப்புப் போட்டுக் கழுவியது

செல்லமுத்து இதை ஆண்டவன் கொடுத்த வாய்ப்பாக எடுத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை ஒரு குறையும் இல்லாமல் நடந்தால் துரை மனசு மாறலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். டிரம்மில் ஆப்பிள் ஜூஸ் இருக்கிறது, அண்டாவில் ஊற்றி மெல்லச் சூடுகாட்டு என்று உத்தரவுப்படியே சொல்லிவிட்டு, கண்ணாடிக் கோப்பைகள் கொண்டுவர வில்லாவுக்குப் போனேன். காக்கா ஜும்மாவுக்குப் போயிருந்தார்.

திரும்பி வந்தபோது செல்லமுத்து வாசலில் எனக்காகக் காத்திருந்தான். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவன் முகத்தில் அப்போதுதான் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

"நல்லவேளண்ணே, தெறந்து பாத்தேன். ஜூசு பூரா கெட்டுப்போச்சு. நொர கட்டி, கலங்கி, ஒரே புளிச்ச வாட. இத குடிச்சிருந்தா அந்த சனம் என்னாவுறது? ஒரு சொட்டு விடாம சாக்கடையில கொட்டிட்டு, டிரம்ம சோப்பு போட்டு கழுவி கவுத்து வச்சிட்டேன்."

நான் உள்ளே ஓடிப் பார்த்தேன். டிரம் கவிழ்ந்து பளபளவென்று இருந்தது. எலுமிச்சை சோப்பு மணத்தது. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வளர்ந்த பிள்ளை அல் கூஸ் சாக்கடையில் கலந்துவிட்டது. சுவரில் எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாமல் நிறைவேற்றியிருந்தான். அந்தக் கம்பெனி சரித்திரத்தில் அப்படி யாரும் நிறைவேற்றியதில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவன் அப்படியே மரப் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப நாளைக்கே ஏத்தி வுட்ருவாரு" என்றான். பிறகு, "அது வீட்ல என்னான்னு சொல்றது?" என்றான்.

காக்கா தொழுகை முடித்து வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டார். அவருக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன், ஆனால் செல்லமுத்துவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். ஒரு சொட்டுக்கூட மிச்சம் இல்லையே என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு தன் பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். உடன்குடிக் கருப்பட்டி. "வர்றவங்களுக்கு ஏதாச்சும் குடுத்துத்தானே ஆவணும், வைங்கடா அடுப்ப" என்றார்.

கிடங்கில் டப்பா ஆப்பிள் ஜூஸ் இருந்தது. அதை அண்டாவில் கவிழ்த்தோம். ஹார்ட்லி வைத்துவிட்டுப் போன பட்டை, கிராம்பு போட்டோம். நிறம் போதவில்லை, கருப்பட்டி. கலங்கல் போதவில்லை, இன்னும் கொஞ்சம் கருப்பட்டி. காரத்துக்குச் சுக்கு, மிளகு. புளிப்புக்குப் புளியே கரைத்துவிடலாமா என்றான் செல்லமுத்து. ரசம் ஆகிவிடும் என்று தடுத்து எலுமிச்சம்பழம் பிழிந்தேன். மூன்று முறை பொங்க விட்டோம். வாசனை தெருமுனை வரை போயிருக்கும்.

அப்போதுதான் வெளியே கார்கள் வர ஆரம்பித்தன. குல்லாய்களும் மஃப்ளர்களும் வரிசையில் நின்றன. நான் ஒரு கரண்டியோடு வாசலுக்குப் போய், வெயிலில் நின்ற குளிர்காலத்தை உள்ளே அழைத்தேன்.

நம்பினவருக்குப் போதை

முதல் கோப்பை ஒரு பாங்க் அதிகாரிக்குப் போனது. ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார். நிஜமான பண்ணைச் சைடர், தொண்டையில் எப்படி இறங்குகிறது பாருங்கள் என்றார். மிளகு ஐயா அது. பூட்ஸ் அம்மாள் இரண்டாவது கோப்பையில் கன்னம் சிவந்து, மூன்றாவதில் பாட ஆரம்பித்தாள். ஒரு என்ஜினீயர், இதில் மரப்பீப்பாய் வாசனை வருகிறது என்று எல்லோருக்கும் விளக்கினார். கொட்டிப்போன சைடரே பிளாஸ்டிக் டிரம்மில்தான் இருந்தது. தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் என்னைத் தனியே அழைத்து, ரொம்ப வீரியமாக இருக்கிறது, நான் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லி, ரொம்பப் பொறுப்பாகக் கார் சாவியைக் கொடுத்து வைத்தார்.

போதை பானத்தில் இல்லை என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஹார்ட்லி எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாகத் தன் கோப்பையை எடுத்தார். முதல் வாயிலேயே அவர் முகம் நின்றுவிட்டது. கோப்பையைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாகக் கவிழ்ந்து கிடந்த டிரம்மைப் பார்த்தார். அப்புறம் அடுப்பருகே நின்ற செல்லமுத்துவைப் பார்த்தார். செல்லமுத்து தரையைப் பார்த்தான்.

அதற்குள் பாங்க் அதிகாரி அவர் முதுகில் தட்டி, உன் அப்பா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார் என்றார். எல்லோரும் கோப்பையை உயர்த்தினார்கள். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல ஹார்ட்லி சிரித்தார். இது சைடரே இல்லை என்று சொன்னால் இத்தனை பேரும் சுக்குக் கஷாயத்தில் ஆடியவர்கள் ஆகிவிடுவார்கள். அவரால் என்ன செய்ய முடியும்?

விருந்தாளிகள் போனதும் செல்லமுத்துவின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

சிவ பூஜையில் அர்பாப்

கதவு திறந்தது. எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, வெள்ளைக் கந்தூரா அங்கியோடு உள்ளே வந்தார். லீவு நாளில் கிடங்கு வாசலில் இத்தனை கார்களா என்று பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறார். வயதான மனிதர், ஒரு காலத்தில் பம்பாய்க்குப் பேரீச்சம்பழம் ஏற்றி வியாபாரம் செய்தவர், இந்தி நன்றாகப் பேசுவார். பாட்டு நின்றது. எல்லார் கையிலும் ஆவி பறக்கும் கோப்பை. ஹார்ட்லியின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நிமிஷத்தில் டிரம் மட்டும் நிறைந்திருந்தால் அவருக்கும் ஒரு டிக்கெட் தயாராகியிருக்கும்.

இது என்ன என்று அர்பாப் காக்காவைக் கேட்டார்.

"ஜன்ஜபீல், அர்பாப்" என்றார் காக்கா. இஞ்சி என்று அர்த்தம். தன் கோப்பையை எடுத்து அவர் கண் முன்னாலேயே ஒரு வாய் குடித்தார். காக்கா குடிப்பதைப் பார்த்த பிறகு ஹார்ட்லிக்கு மூச்சு வந்தது.

அர்பாப் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கினார். யார் கைப்பக்குவம் என்றார்.

பிழைத்த சந்தோஷத்தில் ஹார்ட்லிக்கு வாய் திறந்துகொண்டது. இது எங்கள் பண்ணை வழக்கம் என்று ஆரம்பித்தார். குளிர்காலத்தில் என் தாத்தா சூடான பானம் கையில் கொடுக்காமல் ஒரு கூலியாளைத் தோப்புக்குள் அனுப்பியதில்லை, அது அவன் கூலியில் ஒரு பங்கு, விறைத்த கையோடு ஒருவனை வேலை வாங்குவது பாவம் என்பார் தாத்தா, என்று ஆங்கிலத்தில் விரிவாகச் சொன்னார். அவர் கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது.

தொர என்னாண்ணே சொல்றாரு என்று செல்லமுத்து என் காதோரம் கேட்டான். நான் இந்தத் தடவை பாதி சொல்லவில்லை. முழுவதும் சொன்னேன்.

கேட்டுவிட்டு அவன் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். நாளைக்கு ஊருக்குப் போகிறவன் எதற்குப் பயப்பட வேண்டும்? சில்லருக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி, தனக்குத் தெரிந்த இந்தியில் அர்பாபிடமே சொன்னான்.

"அர்பாப், மேனேஜர் சாப் கா தாதா பஹுத் அச்சா ஆத்மி. உதர் மேரேகோ காம் மிலேகா?"

மேனேஜரின் தாத்தா ரொம்ப நல்ல மனுஷன், அவரிடம் எனக்கு ஒரு வேலை கிடைக்குமா என்று கேட்டுவிட்டான்.

அர்பாப் ஏன் என்றார். சில்லரில் சுக்குக் காப்பி குடித்ததற்காக இவனை நாளை கேன்சல் செய்யப் போகிறார்கள் என்று காக்கா ஒரே வரியில் சொன்னார். அர்பாப் சிரிக்க ஆரம்பித்தார். தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு ஹார்ட்லியின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்.

"உன் தாத்தா நல்லவர். இங்கே தாத்தா யார்?"

அர்பாப் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். கேன்சல் செய்யாதே என்றோ, செய் என்றோ அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த முடிவு மேனேஜருடையது.

சாக்கடை ஓரம்

விருந்தாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள். வெயிலில் கம்பளிச் சட்டைகளைக் கழற்றினார்கள். கண்ணாடிக்காரருக்காக டாக்ஸி பிடித்தேன்.

ஹார்ட்லி பின்பக்கம் சாக்கடை ஓரம் நின்றுகொண்டிருந்தார். எல்லாமேவா என்று கேட்டார். எல்லாமே சார், சட்டப்படி என்றேன். போன வாரம் ருசி பார்த்தேன், அப்பா செய்த மாதிரியே இருந்தது என்றார். அவர்மேல் எனக்கு அப்போது மெய்யாகவே பரிதாபம் வந்தது. அதே சமயம் செல்லமுத்துவின் கதி என்ன என்று கேட்க வாயும் வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலையில் சிவப்புப் பெயிண்ட்காரன் வந்து ஏணி போட்டான். சூடான பானம் கூடாது என்ற வரி அழிந்தது. அதற்குப் பதிலாக வந்த சட்டத்தைப் படித்து நான் அசந்துபோனேன். குளிர் அறையில் காலையும் மாலையும் சூடான பானம் கட்டாயம். அந்த நேரத்தில் கையில் கோப்பை இல்லாமல் நிற்பவன் எச்சரிக்கப்படுவான். வியாதிக்காரர் வைத்தியத்தையும் வியாதி மாதிரியேதான் செய்தார்.

மாலை நாலு மணிக்குச் செல்லமுத்து அண்டாவைத் தள்ளுவண்டியில் சில்லருக்குள் கொண்டுவந்தான். ஆட்கள் குல்லாயோடு வரிசையில் நின்றார்கள். காலையிலிருந்து அவனை யாரும் ஆபீசுக்குக் கூப்பிடவில்லை. எந்த நிமிஷமும் கூப்பிடலாம் என்று கதவையே பார்த்தபடி ஊற்றிக்கொண்டிருந்தான்.

கதவு திறந்து ஹார்ட்லி வந்தார். வரிசையாக ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டே வந்து செல்லமுத்துவின் எதிரில் நின்றார். எல்லோருக்கும் ஊற்றியவன் தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. அவன் கையில் கரண்டி மட்டும் இருந்தது.

ஹார்ட்லி என்னைக் கூப்பிட்டார்.

"கையில் கோப்பை இல்லை. இது எச்சரிக்கை என்று சொல்" என்றார்.

செல்லமுத்துவுக்கு எச்சரிக்கைக்கான ஆங்கில வார்த்தை மனப்பாடம். நான் சொல்வதற்கு முன்பே முகம் வெளுத்துவிட்டது.

"முதல் எச்சரிக்கை என்று சொல்" என்றார் ஹார்ட்லி. "பழையதெல்லாம் இல்லை. இதுதான் முதல்."

நான் சொன்னேன். முழுவதும் சொன்னேன். செல்லமுத்துவுக்கு உடனே விளங்கவில்லை. வைகாசிக்கு லீவு எழுதிக் கொடு என்று நான் சொன்ன பிறகுதான் விளங்கியது.

ஹார்ட்லி அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். ஒரு கோப்பையை எடுத்து, விளிம்பு வரை ஊற்றி, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார். செல்லமுத்து வாங்கிக்கொண்டான். அவன் குடித்து முடிக்கிற வரை மேனேஜர் அங்கேயே நின்றிருந்தார்.